பழைய அம்பாசிடரைக் குடும்பமா எழுப்பணும், அப்பா உடம்பும் தேறணும்: வேலை வரிசை சொல்லுங்க

மூக்கனேரி_மார்க்4

எல்லாருக்கும் வணக்கம். வண்டி அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. நாலு வருஷமா ஷெட்ல நிக்குது. நிறுத்தும்போது என்ஜின் நல்லா ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அப்பாவுக்கு 63 வயசு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கறார். தினமும் நடக்கச் சொல்லியிருக்காங்க, நடக்க மாட்டேங்கறார். ஆனா வண்டி வேலைன்னா உடனே எழுந்து வந்துடுவார். அம்மா, மனைவி, 12 வயசுப் பொண்ணு, 7 வயசுப் பையன் எல்லாருக்கும் ஆசை இருக்கு. வண்டியைத் தயார் பண்ணி மாசம் ஒரு தடவை ஏற்காடு போகணும்.

எதுல ஆரம்பிக்கறது? யாருக்கு எந்த வேலை கொடுக்கலாம்? அப்பா எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

கோரிமேடு_எஸ்யூ

தம்பி, முதல்ல சாவியை எடுத்து ஒளிச்சு வைங்க. நாலு வருஷம் நின்ன என்ஜினை ஆசைல ஒரு சுத்து சுத்திப் பார்த்தா சிலிண்டர்ல காஞ்சிருக்கற ரிங் கீறல் போடும். நிதானமா இந்த வரிசைல போங்க.

பேட்டரியைக் கழட்டுங்க. ஏர் ஃபில்டர், சீட்டுக்கு அடியில, டிக்கி ஓரம் எல்லாம் எலிக்கூடு இருக்கான்னு பாருங்க. ஒயர் உறை கடிபட்டிருந்தா டேப் சுத்தாம அந்தத் துண்டையே மாத்துங்க. டேங்க்ல இருக்கற பழைய பெட்ரோலை முழுசா வடிச்சிடணும். வார்னிஷ் வாசம் அடிச்சா கார்பரேட்டர் ஜெட்லயும் பிசின் உட்கார்ந்திருக்கும்னு வச்சுக்கங்க. வடிக்கறது ஷெட்டுக்கு வெளியில, பக்கத்துல தீ இல்லாம, பசங்க இல்லாம.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் பிளக் இல்லாமலே டாப் கியர்ல போட்டு வண்டியை மெதுவா முன்னயும் பின்னயும் தள்ளுங்க. ஃபேன் சுத்தினா என்ஜின் ஃப்ரீயா இருக்கு. சுத்தலைன்னா பலத்தைக் காட்டாதீங்க, மறுபடி ஆயில் விட்டு ரெண்டு நாள் பொறுங்க.

அப்புறம் பழைய ஆயிலை வடிச்சு ஃபில்டர் மாத்தி 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊத்துங்க. சுமார் 4 லிட்டர் பிடிக்கும், கடைசிக் கணக்கு டிப்ஸ்டிக்தான். புது வண்டிக்குப் போடற மெல்லிய சிந்தெடிக் இதுக்கு வேண்டாம். பழைய ஆயில் சீல் வழியா கசியும். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டை வெந்நீர்ல போட்டுத் திறக்குதான்னு பார்த்து, கூலன்ட் ஊத்துங்க. கலக்கறதுக்கு நம்ம சேலம் போர் தண்ணியைத் தொடவே கூடாது. அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ள படிஞ்சு போயிடும், அதோட விளைவு மலையேறும்போதுதான் தெரியும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. கூலன்ட் இனிப்பா இருக்கும், விஷம். பையன் கைக்கு எட்டாம வைங்க, கீழ சிந்தினா உடனே கழுவுங்க.

பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்து பத்து செகண்டா அடிங்க, நடுவுல அரை நிமிஷம் இடைவெளி. ஆயில் லைட் அணைஞ்சதும் பிளக் மாட்டலாம். பிளக் கேப் 0.6 மி.மீ, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடற கான்டாக்ட்) கேப் 0.35 முதல் 0.40 மி.மீ, ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியற வரிசை, 1-3-4-2. முதல் ஸ்டார்ட் ஷெட்டுக்குள்ள வேண்டாம், வெளிய தள்ளி வச்சுப் போடுங்க. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ள தங்கும். அதுக்கு வாசம் கிடையாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும்.

பிரேக்கைப் பத்தி நான் எழுதலை. அதை நம்ம செவ்வாப்பேட்டை பியட்காரர் வந்து எழுதுவார்.

அஞ்சுரோடு_பிசியோ

அப்பா விஷயத்துல ஒண்ணு மட்டும் அழுத்தமாச் சொல்றேன். ஷெட் வேலை நடைப்பயிற்சிக்கு மாற்று ஆகாது. ஸ்பேனர் பிடிச்சுக் குனிஞ்சு நிக்கறதுல கை, தோள், இடுப்பு அசதியாகும், ஆனா இதயத்துடிப்பு தொடர்ந்து ஏறி நிக்காது. பெரியவங்களுக்கு வாரம் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான வேகத்துல உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வேகம் போதுமான்னு தெரிஞ்சுக்க எளிய வழி: நடந்துட்டே பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது.

அதனால வேலையை இப்படிக் கோத்துடுங்க. காலைல அப்பாவும் பேத்தியும் மூக்கனேரிக் கரையில அரை மணி நேரம் நடந்துட்டு வந்த பிறகுதான் ஷெட் கதவு திறக்கணும். வாரத்துல அஞ்சு நாள் இப்படிப் போனா 150 நிமிஷம் ஆயிடும். வண்டி மேல இருக்கற ஆசையை நடைக்கு முன்னாடி நிறுத்தணும், பின்னாடி வச்சா நடை நின்னுடும்.

ஷெட்ல ஒரு தடவைக்கு 45 நிமிஷம் போதும். சேலம் வெயில்ல ஏப்ரல், மே ரெண்டு மாசமும் காலை 9 மணிக்கு மேல தகரக் கூரைக்கு அடியில வேலை வேண்டாம். குத்துக்கால் போட்டு உட்கார வேண்டாம், முட்டி உயர ஸ்டூல் ஒண்ணு போடுங்க. இறுகின நட்டைத் திருப்பும்போது பெரியவங்க மூச்சைப் பிடிச்சுக்குவாங்க, அந்த நொடியில பிரஷர் சடார்னு ஏறும். பலம் கொடுக்கும்போது மூச்சை வெளிய விடணும். நீளமான கைப்பிடி வாங்கிக் கொடுங்க, பலமே தேவைப்படாது. சக்கரம், பேட்டரி, கியர் பாக்ஸ் தூக்கற வேலை அவருக்குக் கிடையாது.

அடுத்தது பாதம். சர்க்கரை பல வருஷமா இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். இரும்புச் சீவல் குத்தினாலும், சூடான சைலன்சர்ல பட்டாலும் வலிக்காது. புண் ஆன பிறகுதான் கண்ணுல படும். செருப்பு வேண்டாம், மூடின ஷூவும் சாக்ஸும் போடணும். வேலை முடிஞ்சதும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் அம்மாவோ பேத்தியோ வெளிச்சத்துல பார்த்துடணும். கையில இருக்கற கிரீஸைப் பெட்ரோல் ஊத்திக் கழுவறது நம்ம ஊர் வழக்கம், அதை விட்டுடுங்க. தோல் வெடிக்கும், வெடிப்புல கிருமி போகும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சு, அப்புறம் சோப்பு.

வீட்ல யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தா, ஓடற என்ஜினோட காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் குனியக்கூடாது.

ஹெரால்டு948

மேடம் சொல்றதுல பாதிக்குத்தான் நான் ஒத்துக்குவேன். வண்டியைக் கையால கழுவி, மெழுகு போட்டு, குரோம் பம்பரைத் தேய்க்கறது லேசான வேலை இல்லை. அம்பாசிடர் மாதிரி பெரிய உடம்பை முழுசாத் தேய்ச்சா வேர்த்துக் கொட்டும். அதையும் கணக்குல சேர்க்கலாமே.

பசங்க வேலை: பொண்ணுக்கு ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு செட்) ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்க. பிளக் கேப், பாயிண்ட் கேப், டயர் காத்து, கூலன்ட் அளவு, கிலோமீட்டர், ஊத்தின பெட்ரோல் எல்லாத்தையும் அவ எழுதட்டும். அதே நோட்டோட பின்பக்கத்துல தாத்தாவோட காலைச் சர்க்கரையும் பிரஷரும். ஃபீலர் கேஜ் தகடு பாயிண்டுக்கு நடுவுல லேசா உரசிட்டு வரணும். பாயிண்ட் கை நகர்ந்தா கேப் போதலை, உரசலே தெரியலைன்னா அதிகம். பன்னெண்டு வயசு விரலுக்கு இது நல்லாவே பிடிபடும். அதனாலதான் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு அவசரப்படாதீங்கன்னு சொல்றேன். மெட்ராஸ்ல செஞ்ச ஹெரால்டும் சரி, உங்க அம்பாசிடரும் சரி, பாயிண்ட் வச்ச வண்டிலதான் நெருப்பு எப்படிப் பிறக்குதுன்னு பசங்க கண்ணால பார்க்க முடியும்.

பழைய பெயிண்டைச் சுரண்ட பசங்களை விடாதீங்க. அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். தண்ணி ஊத்தித்தான் தேய்க்கணும், காய்ஞ்ச தூள் பறக்கக் கூடாது. ஏழு வயசுப் பையனுக்கு சோப்பும் ஸ்பாஞ்சும் கொடுங்க, அதுவே கொண்டாட்டம்.

அஞ்சுரோடு_பிசியோ

கழுவறதையும் மெழுகு போடறதையும் சேர்த்துக்கலாம், மறுக்கலை. மேல சொன்ன பேச்சுச் சோதனையில தேறினா கணக்கு. ஆனா வண்டியைத் தினமும் கழுவ முடியாது, நடை தினமும் நடக்கும்.

மூக்கனேரி_மார்க்4

ரொம்ப நன்றி மேடம், அண்ணே. கார்பரேட்டர் எஸ்யூ (SU) வகைதான். பிரேக் பெடல் இப்ப அடிவரைக்கும் போகுது. அப்பா டிரம்மைக் கழட்டி ஏர் அடிச்சு சுத்தம் பண்ணலாம்னு சொல்றார்.

செவ்வாப்பேட்டை_பியட்

ஏர் அடிக்காதீங்க. தயவுசெஞ்சு. பழைய லைனிங் தூள்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கும். நம்ம நாட்டுல அதுக்கு முழுத் தடை வரலை, அதனால கடையில வாங்கற புது லைனிங்லயும் இருக்காதுன்னு நம்ப முடியாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது, வியாதி பல வருஷம் கழிச்சுத்தான் தலைகாட்டும். சாதாரண துணி மாஸ்க் இதைத் தடுக்காது. சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி டிரம் ஓரத்துல நல்லா நனைங்க, கழட்டி உள்ளயும் நனைங்க, ஈரத்துணியால துடைங்க. துணியைப் பாலிதீன் பையில கட்டிக் குப்பைக்கு அனுப்புங்க. அந்த நேரத்துல பசங்க வீட்டுக்குள்ள.

பெடல் அடிவரைக்கும் போகுதுன்னா பெரும்பாலும் வீல் சிலிண்டர் ரப்பர் செத்திருக்கும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாத்தினா அடுத்த மாசம் அடுத்த சக்கரம் கசியும். நாலு சக்கரத்து சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், மூணு ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் ஒரே தடவைல மாத்துங்க. சிலிண்டர் உள்சுவர்ல நகத்துல தட்டற மாதிரி குழி இருந்தா கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாத்தணும். கழுவறதுக்கு பிரேக் ஃப்ளூயிட் அல்லது ஸ்பிரிட் மட்டும்தான். டீசல், என்ஜின் ஆயில் பட்டா ரப்பர் ஊதிடும்.

பிரேக் லைன்ல இருந்து காத்து எடுக்கறது குடும்ப வேலை. அப்பா டிரைவர் சீட்ல, நீங்க கீழ, பொண்ணு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்துல ஆரம்பிங்க: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சக்கரத்துப் பின்னாடி இருக்கற காத்து எடுக்கற நிப்பிள்ல, உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப் மாட்டி மறுமுனை புது ஃப்ளூயிட்ல முங்கி இருக்கற மாதிரி ஒரு பாட்டில்ல விடுங்க. நீங்க "அமுக்கு"ன்னதும் அப்பா பெடலை மெதுவா அமுக்கிப் பிடிக்கணும். நிப்பிளை அரைச் சுத்துத் திறந்தா குமிழியோட ஃப்ளூயிட் வரும், பெடல் கீழ போகும். நிப்பிளை மூடின பிறகுதான் "விடு". மூடறதுக்குள்ள அப்பா காலை எடுத்தா வெளிய போன காத்து திரும்ப உள்ள ஏறும். பாதிப் பேருக்கு மணிக்கணக்கா காத்து எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கறதுக்கு இதுதான் காரணம். அஞ்சாறு அமுக்குக்கு ஒரு தடவை பொண்ணு ஃப்ளூயிட் மட்டம் பார்த்து ஊத்தணும். ஒருதரம் காலியாச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெயிண்ட்ல சொட்டினா தண்ணி ஊத்திக் கழுவுங்க, உரிச்சிடும். வடிச்ச ஃப்ளூயிடை மறுபடி ஊத்தாதீங்க.

முடிஞ்சதும் பெடலை ஒரு நிமிஷம் பலமா அமுக்கிப் பிடிங்க. கொஞ்சம் கொஞ்சமா இறங்கினா எங்கயோ கசியுது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளூயிட் முழுசா மாத்தணும், காத்துல இருக்கற ஈரத்தை அது குடிக்கும். டாட் 3 வகை ஃப்ளூயிட் புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்தா அந்த அளவு 140க்கு வந்துடும். ஏற்காடு இறக்கத்துல அந்த வித்தியாசத்தைக் கால் உணரும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் போட்டு, வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துட்டு இறங்குங்க. செங்கல் அடுக்கறது கூடவே கூடாது, நொறுங்கும்.

மூக்கனேரி_மார்க்4

இப்ப பங்க்ல கிடைக்கற எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகுமா?

கோரிமேடு_எஸ்யூ

ஓடும், ஆனா ரப்பர் தாங்காது. பழைய ஹோஸ் உள்பக்கமா மெத்துனு ஆகி துகள் துகளா ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கற ஹோஸ்னு கேட்டு டேங்க்ல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் எல்லா ரப்பரையும் மாத்துங்க, பம்ப் டயஃப்ரமையும் சேர்த்து. எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால மாசக்கணக்கா நிறுத்தி வச்சா டேங்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை 15, 20 கிலோமீட்டர் ஓட்டறது வண்டிக்கு மருந்து.

20 சதவீத எத்தனால்ல பெட்ரோல்-காத்து கலவை லீன் ஆகும், அதாவது காத்துக்குப் பெட்ரோல் போதாது. எஸ்யூவுக்கு அடியில இருக்கற ஜெட் நட்டைக் கீழ்நோக்கி ஒரு பட்டை, தேவைன்னா ரெண்டு பட்டை திருப்புங்க. ஒரு முழுச் சுத்துக்கு ஆறு பட்டை. என்ஜின் சூடான பிறகு, கார்பரேட்டர் பிஸ்டனை, அதைத் தூக்கறதுக்குன்னே அடியில இருக்கற பின்னை அமுக்கி ஒரு மி.மீக்குக் குறைவாத் தூக்குங்க. என்ஜின் வேகம் லேசா ஏறி அடங்கினா சரி. ஏறினபடியே நின்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), இருமி அணையப் பார்த்தா லீன். மேல இருக்கற மூடியைக் கழட்டி டேஷ்பாட்ல (கார்பரேட்டர் பிஸ்டனுக்கு மேல இருக்கற ஆயில் குழி) ஆயில் இருக்கான்னும் பாருங்க, அது காலியா இருந்தா ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வண்டி முக்கும்.

இந்த ட்யூனிங்கை சேலத்துல செய்யுங்க, ஏற்காட்டுல செய்யாதீங்க. மேல காத்து மெல்லிசு, அங்க கலவை தானாவே கொஞ்சம் ரிச் ஆகும். அங்க சரி பண்ணிட்டு இறங்கினா கீழ லீன் ஆகி வால்வு சூடாகும்.

குப்பனூர்_ரோடு

மலைப் பேச்சு வந்ததால எழுதறேன். முதல் நாளே குடும்பத்தை ஏத்தாதீங்க. கன்னங்குறிச்சியில இருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் சில நாள், அப்புறம் அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பறது, அப்புறம் நீங்களும் இன்னொரு டிரைவரும் மட்டும் மேல போய் வரணும். அதுல எதுவும் கசியலை, சூடாகலைன்னாதான் எல்லாரும்.

அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். செகண்ட் கியர்ல ஏறி, வளைவுக்கு முன்னாடியே ஃபர்ஸ்ட் போட்டுடுங்க. வளைவுக்குள்ள கியர் தேடாதீங்க. ஏறற வண்டிக்குத்தான் முதல் வழி. விடியக்காலை கிளம்பினா என்ஜினுக்கும் நல்லது, பஸ்ஸும் குறைவு. ஃபேன் பெல்ட் கட்டைவிரலால அமுக்கினா ஒண்ணேகால் சென்டிமீட்டர் அளவுக்கு உள்ள போகணும், அதுக்கு மேல தொளதொளன்னு இருந்தா பாதி மலையில கொதிக்கும். கொதிச்சா அகலமான இடத்துல ஒதுங்கி, ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு, அப்புறம் அணைங்க. மேல் ஹோஸ் கையில பிடிக்கற அளவுக்கு ஆறாம ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. மேல தண்ணியே சுமார் 95 டிகிரியில கொதிக்கும். அந்த மூடியோட அழுத்தம்தான் காப்பாத்துது, அதனால மூடி ரப்பர் புதுசா இருக்கணும்.

நின்ன வண்டி பத்து நிமிஷத்துல திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா பெரும்பாலும் பெட்ரோல் ஆவி அடைப்பு. பம்ப் மேலயும் லைன் மேலயும் ஈரத்துணி போட்டு 15 நிமிஷம் காத்திருங்க.

இறக்கத்துல ஏறின அதே கியர். நியூட்ரல்ல விடறது, என்ஜினை அணைக்கறது ரெண்டும் உயிர் விஷயம். நாலும் டிரம் பிரேக். சூடானா டிரம் விரிஞ்சு லைனிங்கை விட்டு விலகும், பெடல் இறங்கும். கருகின வாசம் வந்ததும் நிறுத்தி 20 நிமிஷம் ஆற விடுங்க. தண்ணி ஊத்தினா டிரம் விரிசல் விடும். ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியில ஆள் நடமாட்டம் குறைவு, வண்டி மேல நம்பிக்கை வந்த பிறகு அந்தப் பக்கம் போங்க. கோடை விழா நேரத்துல போகாதீங்க, நெரிசல்ல கிளட்ச்சும் போகும், ரேடியேட்டரும் கொதிக்கும்.

அஞ்சுரோடு_பிசியோ

மலை நாளுக்கு: அப்பா எடுக்கற சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகையா, இல்லை இன்சுலினான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. அப்படின்னா ஸ்டியரிங் பிடிக்கறதுக்கு முன்னாடி விரல்ல குத்திப் பார்க்கணும், 90க்குக் கீழ இருந்தா சாப்பிட்டு ஏறின பிறகுதான் ஓட்டணும். வழியில நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா ஓரம் கட்டுங்க. 70க்குக் கீழன்னா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூணு டீஸ்பூன், கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. டப்பா டாஷ்போர்டுல இருக்கணும், டிக்கியில இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, கொண்டை ஊசியில தோள் வாங்கும். தோள்பட்டை இறுக்கம் இருந்தா மலையை நீங்க ஓட்டுங்க, சமதளத்தை அவர் ஓட்டட்டும்.

சாப்பாடு வீட்ல இருந்து போகட்டும். இட்லி, சுண்டல், மோர். ஏரிக்கரைல பஜ்ஜி வாசம் இழுக்கும், பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு நகருங்க. தட்டுவடை செட்டுல காரட், பீட்ரூட் இருக்குன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க, தட்டுவடை எண்ணெயில பொரிச்சதுதான்.

வளைவுல பையனுக்குக் குமட்டும்னா காலைல அரை வயிறு இட்லி, ஜன்னல் திறந்து, தூரத்துல பார்க்கச் சொல்லுங்க. கையில போன் கூடாது.

மேல போனதும் வண்டியை ஏரிப் பக்கம் நிறுத்திட்டு, அடுத்த இடத்துக்கு நடந்தே போங்க. ஏரியைச் சுத்தின ரோடு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் வரைக்கும் நடக்கற தூரம்தான். சேர்வராயன் கோயில் மலை உச்சியில பரந்த சமதளம், முட்டி வலிக்காரங்களுக்கும் ஒத்துக்கும். கிளியூர் அருவிக்கு இறங்கற படி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேண்டாம், திரும்ப ஏறும்போது மூச்சு வாங்கும்.

ஹெரால்டு948

சீட் பெல்ட் பத்தி யாரும் எழுதலை. மார்க் 4ல முன்னாடி நீளமான ஒரே சீட், அதனால குழந்தையை நடுவுல உட்கார வைக்கத் தோணும். கூடாது, டாஷ்போர்டு இரும்பு. 14 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம்னு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமே சொல்லுது. பின் சீட்டுக்குப் பெல்ட் மாட்டும்போது தரைத் தகட்டுல வெறும் போல்ட் போடாதீங்க, இழுத்தா கிழிஞ்சு வரும். அடியில 3 மி.மீ இரும்புத் தகடு, உள்ளங்கை அளவுக்கு, வெல்ட் வச்சு, பெல்ட்டுக்குன்னே வர 7/16 அங்குல போல்ட் போடணும். அதுக்கு முன்னாடி தரையைச் சுத்தியலால தட்டிப் பாருங்க. மொத்னு சத்தம் வர இடம் துரு.

மூக்கனேரி_மார்க்4

ஒவ்வொண்ணாப் பிரின்ட் எடுத்து ஷெட்ல ஒட்டறேன். கடைசியா ரெண்டு சந்தேகம். விண்டேஜ் பதிவு வாங்கிடலாமா? மலையில நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போதுமா?

செவ்வாப்பேட்டை_பியட்

விண்டேஜ் பதிவுக்கு வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும், பழைய உருவம் மாறாம இருக்கணும். 2021ல வந்த மத்திய அரசு விதி. மார்க் 4 வந்ததே 1979லதான், அதனால எந்த மார்க் 4க்கும் 2029க்கு முன்னாடி வழியில்லை. கிடைச்சாலும் அந்த நம்பர்ல அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடறது மாதிரி வேலைக்கு மட்டும்தான். மாசாமாசம் ஏற்காடு போகற உங்களுக்கு சாதாரண பதிவைப் புதுப்பிச்சு, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் சரியா வச்சுக்கறதே நல்லது.

ஹேண்ட் பிரேக் போதாது. இறங்கி வந்து சூடா இருக்கற டிரம்ல ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டா, ஆறும்போது டிரம் சுருங்கி லைனிங்கை இறுக்கும், சில சமயம் விடவே விடாது. கியர்ல போட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைங்க. மூணுக்கு மூணு அங்குலத்துல முக்கோணமா அறுத்த ரெண்டு கட்டை, கயிறு கட்டி டிக்கில கிடக்கட்டும். எடுக்கறதும் வைக்கறதும் பையன் வேலை, ஆனா வண்டி அசைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவன் உள்ள ஏறிட்டானான்னு எண்ணிப் பார்த்துட்டு கிளட்சை விடுங்க.